சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஏன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்?

நோயாளர் விடுதியில் ஏற்கெனவே சொல்லிவிட்ட பெயரையும் விபரங்களையும் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில் நாங்கள் மறுபடியும் கேட்கும்போது நோயாளர்கள் பலர் சலித்துக்கொள்கிறார்கள். "இப்பதானே பிள்ளை சொன்னனான், ரிக்கற்றிலயும் எழுதிக் கிடக்குதல்லோ" என்பார்கள் (ரிக்கற் என்பது நோயாளரின் விபரங்கள் எழுதப்பட்ட பதிவேடு). யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக் கூடத் தாதியாகக் கடமையாற்றும் எனக்கு அந்தச் சலிப்பு விளங்காமலில்லை. ஆனால் அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட நாங்கள் விட்டுவிட முடியாது.

கேட்கும் முறையும் முக்கியமானது. "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்டால், பயத்தோடும் பசியோடும் படுத்திருக்கும் முதியவர் "ஓம்" என்றுதான் சொல்வார், காது மந்தமானவர் கேள்வி விளங்காமலே தலையாட்டுவார். ஒரே விடுதியில் ஒரே பெயருடைய இருவர் இருப்பதும் எங்கள் ஊர்களில் அபூர்வமன்று. ஆகவே பெயரை நாங்கள் எடுத்துக்கொடுக்காமல், "உங்கட முழுப்பேர் என்ன ஐயா? எந்த ஊர்? இண்டைக்கு எந்தப் பக்கம் ஒப்பரேசன்?" என்று கேட்டு, அவர் வாயால் வரும் பதிலைக் கைப்பட்டி, ரிக்கற், சம்மதப் பத்திரம், தோலில் மையால் இடப்பட்ட குறி ஆகிய எல்லாவற்றுடனும் ஒப்பிட வேண்டும். கண், முழங்கால், சிறுநீரகம் போன்று இரு பக்கமும் உள்ள உறுப்புகளில் இது மிக அவசியம்.

உணவு பற்றிய கேள்வியும் அப்படியே. "ஒண்டும் சாப்பிடேல்லை" என்பவர், விடியற்காலையில் குடித்த பால் தேத்தண்ணியைச் சாப்பாடாகக் கணக்கெடுப்பதில்லை. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம் என்பதாலேயே, உணவுக்கும் பால் கலந்த பானங்களுக்கும் பொதுவாக 6 மணித்தியாலமும், வெறும் தண்ணீருக்கு 2 மணித்தியாலமும் இடைவெளி கேட்கப்படுகிறது. எனவே, "கடைசியா எத்தினை மணிக்கு, என்ன குடிச்சனீங்கள்?" என்றே கேட்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் இத்தகைய கேள்விகளால் ஆனதே. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளர் கூடத்தை விட்டுச் செல்வதற்கு முன் என மூன்று இடங்களில் எல்லோரும் வேலையை நிறுத்தி, பட்டியலிலுள்ள 19 விடயங்களை வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். டில்லி, மணிலா, லண்டன் உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் இதைப் பரீட்சித்து 2009 இல் வெளியான ஆய்வில், இறப்புகள் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் குறைந்திருந்தன. ஆனால் சிகிச்சை முடிந்தபின் ஒரே மூச்சில் எல்லாக் கட்டங்களுக்கும் சரி போட்டுவிட்டால், யாரும் எதையும் கேட்காமலே எல்லாம் பார்க்கப்பட்டதாக ஏட்டில் பதிவாகிவிடுகிறது. அது பட்டியலே இல்லாததிலும் கெடுதியானது என்பது என் உறுதியான கருத்து.

தாதியின் பொறுப்பு மிகக் கனமாக இறங்குவது இரத்தம் ஒற்றும் துணிகளையும் ஊசிகளையும் எண்ணும் இடத்தில்தான். தொடங்கும் முன் ஒருமுறை, வயிறு போன்ற உட்குழியை மூடும் முன் ஒருமுறை, தோலைத் தைக்கும்போது ஒருமுறை என, கருவிகளைக் கொடுக்கும் தாதியும் கிருமிநீக்கிய பகுதிக்கு வெளியே நிற்கும் தாதியும் சேர்ந்து, ஒவ்வொன்றையும் பிரித்துக் கண்ணால் கண்டு, சத்தமாக எண்ணுகிறோம். இடையில் யாராவது கூப்பிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து எண்ண வேண்டும். இரத்தத்தில் தோய்ந்த துணி உள்ளுறுப்பின் நிறத்தோடு கலந்துவிடும். இரண்டு துணிகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தோற்றும். ஒன்று குறைந்தால் உடனே சத்திரசிகிச்சை நிபுணருக்குச் சொல்கிறோம். அவர் காயத்தினுள் தேட, நாங்கள் குப்பைப் பை, விரிப்பின் மடிப்பு, மேசையின் அடி, எங்கள் பாதணிகளின் அடி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். அப்போதும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்கப்படும். அதில் தெரிவதற்காகவே அந்தத் துணிகளில் ஒரு விசேட இழை நெய்யப்பட்டிருக்கிறது.

"சேர், கணக்கு சரியில்லை, கொஞ்சம் நில்லுங்கோ" என்று சொல்வது, மூத்தோர் முன் குரலுயர்த்தாமல் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இலகுவானதன்று. வேலைக்குப் புதிதாக வந்த தாதி நிபுணரின் கையை நிறுத்தச் சொல்கிறாள். அவளை அவர் எரிச்சலோடு பார்த்தால், அடுத்த முறை அவள் தயங்குவாள். "சொன்னது நல்லது" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், கூடத்திலுள்ள அத்தனை பேருக்கும் வாய் திறக்கத் துணிவு வரும். இதைக் கற்பிக்க வேண்டியவர்கள் மூத்தவர்களாகிய நாங்கள்.

உறவினர்களிடமும் சில விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வது பலருக்கு மனவருத்தம் தருவது எனக்குத் தெரியும். ஆயினும் மின்சாரத்தால் இரத்தத்தைக் கட்டும் கருவியைப் பாவிக்கும்போது உடலிலுள்ள உலோகம் தோலைச் சுட்டுவிடக்கூடும். அதை விடுதியிலேயே கழற்றி, தாதி ஒருவரின் முன்னிலையில் கணவரிடமோ தாயாரிடமோ ஒப்படையுங்கள். நகப்பூச்சு, விரல்நுனி மருதாணி ஆகியன ஒட்சிசன் அளவுமானியைக் குழப்பலாம் என்பதால் முன்கூட்டியே தெரிவியுங்கள். பொய்ப்பற்கள், மருந்து ஒவ்வாமை, இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் குளிசைகள், நாட்டு மருந்துகள் எதையும் மறைக்க வேண்டாம். பாவிக்கும் மருந்துகளைப் பையோடு கொண்டுவந்து காட்டினால் பெயர் நினைவில்லை என்ற சிக்கலும் இராது.