ஆர்ச்சி பங்கரைப் பாத்து சிரிச்சவங்க எதுக்காக சிரிச்சாங்க?

1971 ஜனவரி 12 ராத்திரி அமெரிக்காவுல சிபிஎஸ் சேனல்ல ஆர்ச்சி பங்கர்ங்கிற ஒரு குடும்பத் தலைவரை வச்சு ‘ஆல் இன் த ஃபேமிலி’ன்னு ஒரு குடும்ப காமெடி சீரியல் ஆரம்பிச்சுது, ஆனா அது ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே திரையில ஒரு அறிவிப்பு வந்துச்சு. நம்ம பலவீனங்களையும் அடுத்தவங்களைப் பத்தி நமக்கிருக்கிற தப்பெண்ணங்களையும் சிரிப்பா காட்டி, அதெல்லாம் எவ்வளவு அபத்தம்னு புரிய வைக்கப் போறோம்னு அதுல சொல்லியிருந்தாங்க. திட்டி நிறைய ஃபோன் வரும்னு பயந்து கூடுதலா ஆபரேட்டர்களையும் உட்கார வச்சிருந்தாங்க.

எனக்கு அந்த அறிவிப்புதான் இந்த விஷயத்துலயே முக்கியமா படுது, ஏன்னா அது ஒரு அறிவியல் கணிப்பு மாதிரியே இருக்கு: ஒருத்தனோட வெறுப்பைக் கிண்டல் பண்ணிக் காட்டினா பாக்கிறவங்க அந்த வெறுப்பை அபத்தம்னு உணருவாங்க. இதை சோதிச்சுப் பாக்கலாம் இல்லையா. ஒரு மூணு வருஷத்துல சோதிச்சும் பாத்துட்டாங்க.

அதுக்கு முன்னாடி சீரியலைப் பத்தி கொஞ்சம். நியூயார்க்ல குவீன்ஸ் பகுதி, ஒரே வீடு. ஆர்ச்சி பங்கர் சரக்கு ஏத்தி இறக்கற எடத்துல ஃபோர்மேன், கறுப்பினத்தவர், யூதர், வெளிநாட்டுலேருந்து வந்தவங்க, பெண்ணுரிமை பேசறவங்க யாரையும் விட்டு வைக்க மாட்டார், வாயைத் தொறந்தா வசவுதான். அவருக்குன்னு தனியா ஒரு நாற்காலி இருக்கும், அதுல வேற யாரும் உட்காரக் கூடாது. மனைவி ஈடித் வெள்ளந்தி, பொண்ணு குளோரியா, மாப்பிள்ளை மைக் காலேஜ்ல படிக்கிற முற்போக்குப் பையன், மாமனார் வீட்டுலயே இருந்து மாமனார் சாப்பாட்டையே சாப்பிட்டுக்கிட்டு மாமனார்கிட்டயே மல்லுக்கு நிப்பான். 1971லேருந்து 1976 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு சீசன் அமெரிக்காவுலயே அதிகம் பேர் பாத்த நிகழ்ச்சி இதுதான். தயாரிச்ச நார்மன் லியர், ஆர்ச்சிகிட்ட தன்னோட அப்பா குணம் நிறைய இருக்குன்னு வெளிப்படையாவே சொன்னவர்.

சரி, சோதனைக்கு வருவோம். நீல் விட்மர், மில்டன் ரோக்கீச்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1974ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அமெரிக்காவுல ஒரு ஊர்ல ஹைஸ்கூல் பசங்க 237 பேர், கனடாவுல பெரியவங்க 130 பேர். மொதல்ல ஒவ்வொருத்தருக்கும் தப்பெண்ணம் எவ்வளவு இருக்குன்னு கேள்விகள் மூலமா அளந்தாங்க, அப்புறம் சீரியலைப் பத்தி கேட்டாங்க, ஆர்ச்சி மைக் ரெண்டு பேர்ல யாரைப் பிடிக்கும், யார் பேசறது நியாயமா இருக்கு, யாரை அதிகமா கேலி பண்றாங்க, கடைசில ஜெயிக்கிறது யாருன்னு.

பெரும்பாலானவங்க சீரியல் சிரிப்பா இருக்குன்னுதான் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் பாதை பிரியுது. தப்பெண்ணம் குறைவா இருக்கிறவங்க கண்ணுக்கு ஆர்ச்சி கேலிப்பொருளா தெரியறார், அதிகமா இருக்கிறவங்களுக்கோ ஆர்ச்சிதான் மனசுல பட்டதைப் பேசற நேர்மையான ஆளு, கேலிக்கு ஆளாகறது மைக், கடைசில ஜெயிக்கிறதும் ஆர்ச்சிதான். அதோட அமெரிக்கப் பசங்கள்ல தப்பெண்ணம் அதிகமா இருந்தவங்கதான் சீரியலை அதிகமாவும் பாத்திருந்தாங்க. ஒரே வசனம், ஒரே நடிப்பு, ஆனா ரெண்டு கூட்டம் ரெண்டு வேற வேற கதையைப் பாத்துட்டு எழுந்து போயிருக்கு.

இது எப்படி நடக்குதுன்னு பாத்தா, கிண்டலோட கட்டமைப்புலயே அதுக்கு எடம் இருக்கு. நேரடியா அறிவுரை சொன்னா ‘இது தப்பு’ன்னு வாக்கியம் முழுசா காதுல விழும், கிண்டல்ல அப்படி இல்ல, பாத்திரம் தப்பான விஷயத்தை அடிச்சுப் பேசும், ‘இது தப்பு’ங்கிற பாதியை பாக்கிறவன்தான் தன் மண்டையிலேருந்து எடுத்துப் போட்டுக்கணும். அந்தப் பாதி ஏற்கெனவே ஒருத்தன் மண்டையில இல்லன்னா எங்கேருந்து எடுப்பான்? ஆர்ச்சி ஒரு வார்த்தையைத் தப்பும் தவறுமா உளறும்போது ‘விவரமே தெரியாம பேசறான்’னு ஒருத்தர் சிரிக்கலாம், ‘நம்மாளு, பெரிய படிப்பு இல்லன்னாலும் உண்மையைப் போட்டு உடைக்கிறான்’னு இன்னொருத்தர் சிரிக்கலாம். வெளியில கேக்கிறது ஒரே சத்தம். இந்த சீரியலை நிஜமான பார்வையாளர்கள் முன்னாடிதான் பதிவு பண்ணாங்க, ஆனா அத்தனை பேர் ஒண்ணா சிரிக்கிற சத்தத்துல யார் எதுக்கு சிரிக்கிறாங்கங்கிற தகவல் மட்டும் இருக்காது, அதனால வீட்டுல பாக்கிற ரெண்டு கட்சிக்காரங்களுக்குமே ‘எல்லாரும் நம்ம பக்கம்தான்’னு தோணிடும்.

உளவியல்ல இதுக்கு தேர்ந்தெடுத்த புலனுணர்வுன்னு பேரு, இது டிவிக்கு மட்டும் உள்ளதில்ல. 1951ல பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்களுக்கு நடுவுல ஒரு முரட்டு அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் நடந்துச்சு, அதோட ஃபிலிமையே ரெண்டு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி விதிமீறல்களை எண்ணச் சொன்னாங்க. டார்ட்மவுத் டீம் பண்ண மீறல்கள்னு பிரின்ஸ்டன் பசங்க எண்ணினது, டார்ட்மவுத் பசங்க எண்ணினதை விட ரெண்டு மடங்குக்கு மேல. யாரும் பொய் சொல்லல, அவங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.

ஒண்ணு கவனமா சொல்லணும். விட்மர், ரோக்கீச் ஆய்வு சீரியல் பாத்ததால வெறுப்பு வளந்துச்சுன்னு நிரூபிக்கல. ஏற்கெனவே மனசுல இருந்தது பார்வையை எப்படி வளைக்குதுங்கிறதைத்தான் காட்டுச்சு. இதை சீரியல் மேல குற்றப்பத்திரிகையா படிக்கிறவங்க அவசரப்படறாங்க.

இதுவரைக்கும் பேசினது ரெண்டு வகை மனுசங்களைப் பத்தி, ஆனா ஒரே மனுசனுக்குள்ளயும் இந்தப் பிளவு இருக்கு, எனக்கு இதுதான் இன்னும் சுவாரஸ்யம். பிடிக்கும், பிடிக்காதுங்கிறதை ஒரே அளவுகோலோட ரெண்டு முனையா நெனச்சுக்கிறோம், ஒண்ணு ஏறினா ஒண்ணு இறங்கணும்னு. ஜான் கசியோப்போ, கேரி பெர்ன்ட்சன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1990கள்ல வேற மாதிரி சொன்னாங்க, விருப்பத்துக்கும் வெறுப்புக்கும் மனசுல தனித்தனி பாதை, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடலாம். 2001ல வந்த ஒரு ஆய்வுல, காலேஜ் முடிச்சு பட்டம் வாங்கற அன்னிக்கு மாணவர்கள்ல கணிசமானவங்க சந்தோஷமும் துக்கமும் சேந்தே இருக்குன்னு சொன்னாங்க, சாதாரண நாள்ல அப்படிச் சொன்னவங்க ரொம்பக் கம்மி.

ஆர்ச்சி விஷயத்துல இந்த ரெண்டு பாதையையும் சீரியலே தெரிஞ்சு தொறந்து விடுது. எழுத்தாளர் லாரா ஹாப்சன் 1971லயே கண்டிச்சது இதைத்தான், வெறுப்பு பேசறவனை இப்படி ஆசையா பாக்கிற மாதிரி காட்டினா வெறுப்பே சாதாரணமாயிடும்னாங்க. லியரோ ஆர்ச்சி அரக்கன் இல்ல, உலகம் மாறறதைப் பாத்து பயந்து போன மனுசன்னு வாதாடினார். ரெண்டு பேர் சொன்னதும் சரின்னுதான் எனக்குப் படுது, ஆர்ச்சியை வெறும் அரக்கனா எழுதியிருந்தா ஒருத்தரும் வாராவாரம் உட்கார்ந்து பாத்திருக்க மாட்டாங்க, மனுசனா எழுதினதாலதான் அவர் பேச்சும் சேந்து வீட்டுக்குள்ள வந்துச்சு.

1978ல வந்த ஒரு எபிசோட்ல ஆர்ச்சியும் மைக்கும் ஒரு ஸ்டோர் ரூமுக்குள்ள மாட்டிக்கறாங்க. குடிச்சுட்டு ஆர்ச்சி சின்ன வயசுக் கதையைச் சொல்றார், வறுமையில ஒரு கால்ல ஷூவும் இன்னொரு கால்ல பூட்ஸுமா ஸ்கூலுக்குப் போனது, பசங்க அதுக்குப் பட்டப்பேரு வச்சது, அப்பா அடிச்சது எல்லாம். அந்த வெறுப்புப் பேச்செல்லாம் அப்பாகிட்டேருந்து வந்ததுன்னு தெரிய வருது, அப்பா சொன்னது தப்புன்னு மைக் சொல்றான், ஆர்ச்சி ஒத்துக்கவே இல்ல, பாசமா இருக்கிற அப்பா எப்படித் தப்பா சொல்லிக் குடுப்பார்னு கேட்டுட்டுத் தூங்கிடறார். மைக் அவருக்குப் போத்தி விடறான். அவர் கடைசி வரைக்கும் மாறல, எனக்கு அவர் மேல இருந்த கோபமும் குறையல, ஆனா தொண்டை அடைச்சுது.