பிடி விட்ட செல்லின் கதி

குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் செல்களில் பெரும்பாலானவை நான்கைந்து நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. உதிரும் செல் வேறோரிடத்தில் ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்கினால் உறுப்புகளின் ஒழுங்கே குலைந்துவிடும். அது நேராதபடி, தளத்தில் கொண்ட பிடியை இழந்த செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் ஏற்பாடு உடலில் இருக்கிறது. இவ்வகைச் சாவுக்கு 1994இல் ஸ்டீவன் ஃபிரிஷ், ஹண்டர் ஃபிரான்சிஸ் என்னும் ஆய்வாளர்கள் ‘அனாய்கிஸ்’ என்று பெயரிட்டார்கள். வீடற்ற நிலை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது.

செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கும் இன்டெக்ரின் என்ற புரதம், வெளியே கொலாஜன், லேமினின் போன்ற இழைகளைப் பற்றியிருக்கிறது. அந்தப் பிடி இருக்கும்வரை உள்ளே எஃப்.ஏ.கே. என்ற நொதி செயல்பட்டு, அடுத்தடுத்த புரதங்களின் வழியாக, ‘பிம்’ என்ற சாவுப் புரதத்தை அடக்கி வைக்கிறது. பிடி விட்டதும் அந்தச் செய்தி நின்றுபோகிறது. பிம் பெருகுகிறது, செல்லின் உட்சட்டகத்தோடு பிணைக்கப்பட்டிருந்த ‘பிஎம்எஃப்’ என்ற அதன் உறவுப் புரதமும் அவிழ்ந்து வருகிறது. இவை செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளை விழச் செய்ய, அதிலிருந்து கசியும் சைட்டோகுரோம் சி என்ற புரதம், செல்லின் புரதங்களை வெட்டும் கேஸ்பேஸ் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. பிறகு செல் உள்ளிருந்தே துண்டாடப்படுகிறது. (மிதந்து திரிவதையே தொழிலாகக் கொண்ட இரத்தச் செல்களுக்கு இந்த விதி பொருந்தாது.)

உடலைச் செதுக்கவும் இதே சாவு உதவுகிறது. மார்பகத்தின் பால் நாளங்கள் உருவாகும்போது, தளத்தைத் தொடாமல் நடுவில் சிக்கிய செல்கள் மடிவதால்தான் நாளம் உள்ளீடற்றதாகிறது. மார்பகப் புற்றுநோயின் தொடக்க நிலை ஒன்றில் நாளத்தின் நடுப்பகுதி செல்களால் அடைபட்டுக் கிடப்பதைக் காணலாம். புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவுவதற்கு வெகு முன்பே இந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது என்பதற்கு அது அடையாளம்.

புற்றுச்செல் இதிலிருந்து தப்புவதை வலிமை என்பதைவிடப் பொய்ச்சாட்சி என்பதே பொருத்தம். எதையும் பற்றாமலேயே பற்றியிருப்பதாக அது தனக்குள் செய்தி அனுப்பிக்கொள்கிறது. செல்லைப் பெருகத் தூண்டும் ராஸ் என்ற புரதம் திரிபடைந்து ஓயாமல் இயங்கினாலும், பிசிஎல்-2 போன்ற காப்புப் புரதங்கள் மிகுந்தாலும் அந்தப் பொய் எடுபடும்.

ஆனால் தற்கொலைக் கட்டளையைத் தடுத்துவிட்டால் மட்டும் போதாது. பிடி விட்ட செல் குளுக்கோஸை உள்ளிழுப்பது குறைந்து, ஆற்றல் வற்றி, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன என்று 2009இல் செல் உயிரியலாளர் ஜோன் புரூகேயின் குழு காட்டியது. அச்செல்களுக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளைக் கொடுத்தபோது அவை பிழைத்தன. 2015இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள எலிகளில் நடந்த சோதனைகளிலும் இத்தகைய தடுப்பிகள் நோய்ப் பரவலைக் கூட்டின. ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்றாலே புற்றுநோய்க்கு எதிரி என்ற பரவலான நம்பிக்கையை இந்த முடிவுகளை வைத்துக்கொண்டு ஏற்க எனக்குத் தயக்கமே.

இரத்தத்தில் புகுந்த பின்னும் ஓட்டத்தின் அழுத்தமும் எதிர்ப்புச் செல்களும் காத்திருப்பதால், அங்கே வரும் புற்றுச்செல்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. தட்டணுக்களைப் போர்வையாக்கிக்கொள்பவையும் கூட்டமாகச் செல்பவையும் சற்றே தேறுகின்றன. ஒன்றையொன்று பற்றியிருக்கும் செல்கள் அந்தப் பிடியையே தளமாகக் கொள்கின்றன. தனிச்செல்லைவிடச் செல்கூட்டம் புதிய கட்டியை உண்டாக்கும் வாய்ப்பு 23 முதல் 50 மடங்கு வரை அதிகம் என்று 2014இல் எலிகளில் கணக்கிடப்பட்டது.

சூலகப் புற்றுநோயில் இந்த உத்தி இரத்தக் குழாயின் தேவையே இல்லாமல் நடக்கிறது. வயிற்றறையில் தேங்கும் நீரில் செல்கள் சிறு உருண்டைகளாகத் திரண்டு மிதந்து, பிறகு உள்ளுறைச் சவ்வில் ஒட்டிக்கொள்கின்றன. எஃப்.ஏ.கே. நொதியை முடக்கும் டிஃபாக்டினிப் என்ற மருந்து, அவுடோமெடினிப் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து 2025இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதும், ராஸ் வகையைச் சேர்ந்த கே-ராஸின் திரிபுடன் மீண்டும் தலைதூக்கிய ஒருவகைச் சூலகப் புற்றுநோய்க்குத்தான்.