வாட்டர் வேகன்: ‘தண்ணி வண்டி’ என்று எழுதலாமா?

அமெரிக்காவின் பழைய நகைச்சுவை இதழ்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் பீப்பாய் வைத்த குதிரை வண்டி ஒன்று அடிக்கடி வரும். மேலே சிலர் தொற்றிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் உருண்டு விழுவார். அந்த வண்டிதான் வாட்டர் வேகன்.

புழுதி அடங்கத் தெருவில் தண்ணீர் தெளித்துப் போன வண்டி அது. குடியை விட்டுத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டவரை ‘வண்டியில் ஏறிவிட்டார்’ என்பது 1900-ஐ ஒட்டிப் பரவிய வழக்கு. விழுந்தால், மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று பொருள். புத்தாண்டுச் சபதம் எடுப்பவர்களைச் சீண்ட இதைவிடத் தோதான படம் கிடையாது.

இதைத் தமிழாக்கும்போது சொல்லுக்குச் சொல் ‘தண்ணி வண்டி’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். நம் பேச்சில் தண்ணி என்றால் சாராயம், தண்ணி வண்டி என்றால் மொடாக்குடியர். படத்தின் கீழே ‘குடியை விட்டவர்கள் வண்டி’ என்று எழுதுவதே சரி. ‘மாலை போட்டிருக்கிறார்’ என்பது பொருளில் மிக நெருங்கி வருகிறது. ஆனாலும் ஐயப்ப விரதத்தை நியூயார்க் தெருவில் கொண்டுபோய் வைக்க முடியாது. உரையாடலில் மட்டும் ‘இப்போ நிறுத்தியிருக்கார்’ என்றால் போதும்.

1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே அது சட்டப்படி போதை பானம். சொந்தச் சபதம் அரசு ஆணையானதும் கேலியின் குறியும் மாறியது. ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் கேலிச்சித்திரக்காரர் ரோலின் கிர்பி வரைந்த ‘மிஸ்டர் டிரை’ அந்தக் காலத்தின் முகம்: ஒட்டி உலர்ந்த உடம்பு, கறுப்பு அங்கி, உயரத் தொப்பி, நீண்ட மூக்கு, கையில் குடை. சட்டத்தைத் திட்டாமல், அதைக் கட்டிக் காப்பவரின் சிடுசிடுப்பை வரைந்ததில்தான் கிர்பியின் திறமை இருக்கிறது.

இங்கே ‘டிரை’ என்பதை ‘வறட்சி’ என்று எழுதக் கூடாது. மழை பொய்த்ததாகத் தோன்றும். மதுவிலக்கை ஆதரிப்பவர் ‘டிரை’, எதிர்ப்பவர் ‘வெட்’. தமிழில் மதுவிலக்காளர், மதுவிலக்கு எதிர்ப்பாளர். அமெரிக்காவின் மதுவிலக்குக் கட்சிக்கு ஒட்டகம் சின்னமானதும் இதனால்தான்: அது குடிக்காமல் நாள் கடத்தும். பெயராகவே வேண்டுமென்றால் ‘காய்ந்தசாமி’ பொருந்தும். குடி கிடைக்காதவரைக் ‘காய்ந்து கிடக்கிறார்’ என்று நாமும் சொல்கிறோமே. அக்டோபர் 2-இன் ‘டிரை டே’ மதுக்கடை விடுமுறை நாள். ஒயின் பாட்டிலில் உள்ள ‘டிரை’ வேறு, அது இனிப்பில்லாதது.