வெளிறலா, வெளிற்றலா?

"பவளப்பாறைகள் வெளிற்றல்" (ஆங்கிலத்தில் 'கோரல் ப்ளீச்சிங்') என்று செய்திகளில் வாசிக்கும் ஒவ்வொரு முறையும் யார் வெளிற்றியது என்று கேட்கத் தோன்றும். அண்மையில் அந்தச் சொல் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வினையைக் கொண்டுவந்தது. ரொறன்ரோவில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் என் மருமகன், "மாமா, முருகைக்கல் வெளுத்திட்டுது" என்று தொட்டியிலிருந்த பவளத்தின் படம் அனுப்பினான். பிறகு தமிழில் தேடி "வெளிற்றல்" என்று கண்டதும், குளோரின் மாதிரி ஏதோ தண்ணீரில் கலந்துவிட்டது என்று எண்ணி, பாதிக்கு மேற்பட்ட தண்ணீரை ஒரே நாளில் மாற்றிவிட்டான். நொந்திருந்த உயிருக்கு அது இன்னொரு அடி.

பவளம் என்பது 'பிரவாளம்' வழி வந்த சொல், பழந்தமிழில் துகிர். திருகோணமலையில் எங்களுக்கு அது முருகைக்கல். ஆங்கிலத்தின் 'ப்ளீச்' துணியை வெளுப்பதற்கும் தானாக நிறம் போவதற்கும் ஒன்றே. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழில் மாறு வேறு, மாற்று வேறு. ஏறு வேறு, ஏற்று வேறு. அப்படித்தான் வெளிறு, வெளிற்று. வெளிற்றும் தூள் துணியை வெளிற்றும். அங்கே செய்பவன் இருக்கிறான். முருகைக்கல்லுக்கு எவரும் மருந்து போடவில்லை. பெயரில் கல் இருந்தாலும் அது ஓர் உயிர். அதன் தசைக்குள் குடியிருந்து, ஒளியில் உணவு சமைத்துக் கொடுத்த நுண்பாசிகள் வெளியேறிவிடுகின்றன. தசையோ கண்ணாடி போன்றது. பாசி போனதும் உள்ளேயிருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. காய்ச்சலில் முகம் வெளிறிவிட்டது என்கிறோமே, அதேதான். முகம் வெளிற்றியது என்று யாராவது சொல்வார்களா? வேதியியல் பாடத்துக்கு ஆக்கிய சொல்லைக் கலைச்சொல் பட்டியலிலிருந்து எடுத்துக் கடலுக்குள் போட்டவர்கள், அந்தக் கடலில் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

மருமகன் எழுதிய "வெளுத்திட்டுது" இயல்பான பேச்சு, அதில் குறையில்லை. ஆனால் 'வெளுத்தல்' துணி தோய்ப்பதையும் சேர்த்துக் குறிக்கும். வெளிறலுக்கு அந்தக் குழப்பம் இல்லை. பழைய சொல்லும்கூட: 503ஆம் குறளில் 'வெளிறு' அறியாமையைக் குறிக்கிறது, மரத்தில் வைரம் பாயாத பகுதியும் வெளிறுதான். உள்ளே இருக்க வேண்டியது இல்லாத நிலை என்ற கருத்து அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

'நிறமிழப்பு' என்பாரும் உண்டு. தொட்டி வைத்திருப்பவருக்கு அது போதாது. தண்ணீரில் பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் கூடினால் பாசி பெருகி, நீலமும் ஊதாவும் பழுப்புக்குள் மறையும். அதுவும் நிறமிழப்புத்தானே? ஆனால் அங்கே பாசி மிகுதி, இங்கே பாசி இல்லை. சூடு கூடினாலும், புதிய எல்இடி விளக்கை முதல் நாளே முழு வீச்சில் எரியவிட்டாலும், உப்பளவு சட்டென மாறினாலும் வெளிறும். வைத்தியம் வேறு வேறு.

'பவளச் சாவு' என்று தலைப்புப் போடுவது இன்னும் மோசம். 1998இல் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரையோர முருகைக்கற்கள் வெளிறின. பிறகு பெருமளவு மடிந்தன. திருகோணமலைக் கரை பெரும்பாலும் தப்பியது. வெளிறியதும் மடிந்ததும் இரண்டு நிகழ்ச்சிகள், இடையில் பிழைக்க அவகாசம் இருக்கிறது. திருகோணமலைக்குப் பக்கத்துப் புறாத்தீவுக் கரையில் காலில் குத்தும் வெள்ளைத் துண்டுகள் செத்தவை, தசையே கிடையாது. மருமகனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: வெள்ளைக் கிளை நெடுக, ஊசிமுனை அளவில், கண்ணாடி போன்ற உணர்கொம்புகள் விரிந்திருந்தன.

"உயிரோடதான் இருக்கு, லைட்டைக் குறை, தண்ணியைத் தொடாதே" என்று எழுதினேன். சில வாரங்களின் பின் வந்த படத்தில், கிளையின் அடிப்பக்கம் தேயிலைச் சாயம் போல மெல்லிய பழுப்பு ஏறியிருந்தது.