பழைய பி.எஸ். 4-ஐ எடைக்குப் போடும் முன்

2014 ஜனவரியில் சோனியின் வீடியோ கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 4 (பி.எஸ். 4) இந்தியக் கடைகளுக்கு வந்தபோது அதன் விலை 39,990 ரூபாய். அன்று ஆசை ஆசையாய் வாங்கிய பெட்டிகள் இன்று டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. சர்வீஸுக்கு வரும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் புகார்கள் மூன்று: "சூடாகி ஆஃப் ஆகுது", "ஃபேன் சத்தம் தாங்கல", "கன்ட்ரோலர்ல கை வைக்காமலே கேம்ல ஆள் நடக்குறான்". மூன்றுக்கும் பெரும்பாலும் மதர்போர்டு காரணமாக இருக்காது. சிப்பின் மேல் காய்ந்த பேஸ்ட், தூசி, கன்ட்ரோலரில் தேய்ந்த ஸ்டிக் என்று சில்லறைச் செலவில் முடிகிற வேலைக்காக நல்ல பெட்டி எடைக்குப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

எதைத் தொடுவதற்கு முன்பும் சேவ் ஃபைல்களை, அதாவது ஆட்டத்தில் எதுவரை வந்தோம் என்ற பதிவுகளை, காப்பி எடுங்கள். பி.எஸ். 4-இன் ஹார்ட் டிஸ்க் அந்த ஒரு பெட்டியோடு பூட்டப்பட்டது. கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும், இன்னொரு பி.எஸ். 4-இல் மாட்டினாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. போர்டு போனால் பத்து வருடம் ஆடிச் சேர்த்ததும் அதோடு போய்விடும். பெட்டி உயிரோடு இருக்கும்போதே செட்டிங்ஸில் 'அப்ளிகேஷன் சேவ்டு டேட்டா மேனேஜ்மென்ட்' போய், 'சேவ்டு டேட்டா இன் சிஸ்டம் ஸ்டோரேஜ்', அதற்குள் 'காப்பி டு யு.எஸ்.பி.' கொடுங்கள். பென்டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருக்க வேண்டும், என்.டி.எஃப்.எஸ். என்றால் பெட்டி அதைக் கண்டுகொள்ளாது. சேவ் ஃபைல் கணக்கோடு கட்டுப்பட்டது. அண்ணனும் தம்பியும் தனித்தனி யூசரில் ஆடியிருந்தால் இரண்டிலும் நுழைந்து தனித்தனியாக எடுக்க வேண்டும். அந்தக் கணக்கின் மெயில் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் இன்னும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பள்ளி நாளில் திறந்து மறந்துபோன மெயிலோடு கணக்கையும் தொலைத்தவர்கள் நிறைய.

ஹார்ட் டிஸ்க்கும் வயதாகிற பொருள்தான். உள்ளே இருப்பது லேப்டாப்பில் போடும் அதே 2.5 அங்குல சாட்டா டிஸ்க். அதே அளவு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடலாம், தடிமன் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. புது டிஸ்க் போட்டதும் சிஸ்டம் மென்பொருளை யு.எஸ்.பி. வழியாக ஏற்ற வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சோனி தளத்தில் சாதாரண அப்டேட் ஃபைல், முழு ரீஇன்ஸ்டால் ஃபைல் என்று இரண்டு இருக்கும். வெறும் டிஸ்க்குக்கு முழு ஃபைல்தான் வேண்டும். பிறகு பெட்டி ஆஃபாக இருக்கும்போது பவர் பட்டனை இரண்டாவது பீப் சத்தம் வரும்வரை, சுமார் 7 விநாடி, அழுத்திப் பிடித்தால் பழுது பார்ப்பதற்கான சேஃப் மோட் திரை வரும்; மென்பொருளை அங்கிருந்து ஏற்றுங்கள். கன்ட்ரோலரைக் கேபிளில்தான் இணைக்க வேண்டும். ப்ளூடூத் அங்கே எடுபடாது.

இனி ஆள் தானாக நடக்கிற விஷயம். டிரிஃப்ட் என்று சொல்வது இதைத்தான். கன்ட்ரோலரின் பின்பக்க நான்கு ஸ்குரூவைக் கழற்றி, இரண்டு பாதிகளையும் இணைக்கும் பட்டைக் கேபிளை அறுக்காமல் பிரித்தால் ஸ்டிக்கின் அடிப்பாகம் தெரியும். ஒரு சதுர உலோகக் கூண்டு. பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டியிருக்கும் இரண்டு சிறு டப்பிகள். அவைதான் பொட்டென்ஷியோமீட்டர், ஸ்டிக் எவ்வளவு சாய்ந்தது என்று அளப்பவை. ஒன்று இட வலம் பார்க்கும், மற்றது மேல் கீழ். டப்பியின் மூடியை நெம்பி எடுத்தால் பச்சைச் சக்கரம் ஒன்றும், அது உரசுகிற கரிப்பூச்சுத் தடமும் இருக்கும். புதிதில் தடம் ஒரே சீராகக் கறுப்பாக இருக்கும். ஆடித் தேய்ந்ததில் நடுப்பகுதியில் மட்டும் வெளிறிய கோடு விழுந்து, ஓரங்களில் கரித்தூள் சேர்ந்திருக்கும். ஸ்டிக் நடுவில் நிற்கும்போது அந்தத் தேய்ந்த இடத்தைத்தான் தொடுகிறது. அளவு மாறி வருகிறது. ஆட்டத்தில் ஆள் நகர்கிறான்.

முதலில் சுலபமானதைச் செய்து பாருங்கள். கன்ட்ரோலரின் முதுகில் எல்2 பட்டன் அருகே ஊசித்துளை இருக்கிறது. ஊக்கால் 5 விநாடி அழுத்தி ரீசெட் செய்து, கேபிளில் மறுபடி இணையுங்கள். நிற்கவில்லை என்றால் 99 சதவீத ஐஸோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டை அந்த டப்பிகளில் விட்டு, ஸ்டிக்கைப் பல முறை சுழற்றி, நன்றாகக் காயவிடுங்கள். சானிடைசர் வேண்டாம்; அதில் பிசுபிசுப்பு தங்கும். துருநீக்கி ஸ்பிரேயும் வேண்டாம். அதன் எண்ணெய் கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தடமே தேய்ந்திருந்தால் சுத்தம் செய்து கிடைக்கும் நிம்மதி சில வாரங்களுக்குத்தான். ஸ்டிக்கை மாற்ற வேண்டும். அதற்கு 14 ஈயப் புள்ளிகளை எடுக்க வேண்டும். அனுபவம் இல்லாமல் சால்டரிங் அயர்னை வைத்து நெம்பினால் போர்டின் செப்புத் தடமே பெயர்ந்து வந்துவிடும். இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மாற்றும்போது ஹால் எஃபெக்ட் வகை கிடைத்தால் அதைக் கேளுங்கள். அதில் காந்தமும் சென்சாரும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதால் தடம் தேயும் பிரச்சினை இல்லை. போட்டபின் காலிபரேஷன், அதாவது ஸ்டிக்கின் நடுநிலையைச் சரியாகப் பொருத்துவது, செய்து தரச் சொல்லுங்கள். 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சின் கன்ட்ரோலர் டிரிஃப்டுக்காகவே பேர் கெட்டது. அதிலும் உரசித் தேய்கிற ஸ்டிக்தான்.

சூட்டுக்கு வருவோம். சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் சில வருடங்களில் சுண்ணாம்பு போலக் காய்ந்துவிடும். வெப்பம் கடத்தாது, ஃபேன் வேகம் கூடும், கடைசியில் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆஃப் ஆகும். திறக்க நடுவில் துளையுள்ள டி8 அல்லது டி9 டார்க்ஸ் பிட் (நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவர்) வேண்டும். உள்ளேயே இருக்கும் பவர் சப்ளையில் பிளக்கை எடுத்த பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும், அதைப் பிரிக்காதீர்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். நம் ஊரில் தூசியோடு கரப்பான் பூச்சியும் சேர்த்தி. கதகதப்பும் இருட்டும் இருக்கிற இடம் அதற்கு வீடு. பவர் சப்ளைக்குள் போனால் ஷார்ட். சாப்பாட்டு மேசை அருகே, மூடிய அலமாரிக்குள் பெட்டியை வைக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

பி.எஸ். 5 வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதே தைரியத்தில் பிரிக்க வேண்டாம். அதில் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம். மின்சாரம் கடத்தும், ஒரு துளி இடம் மாறினால் போர்டு போகும். பக்கவாட்டு மூடியை மட்டும் கழற்றி, தூசி சேர்வதற்கென்றே விட்டிருக்கும் இரண்டு துளைகளில் வேக்குவம் பிடித்தால் போதும்.

போர்டில் சி.ஆர். 2032 பட்டன் செல் ஒன்று கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அது தீர்ந்து, பெட்டியால் சோனி சர்வரையும் தொடர்புகொள்ள முடியாமல் போனால், முன்பெல்லாம் டிஸ்க் கேம்கூட ஓடாது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 மென்பொருள் அதைச் சரிசெய்தது. பல வருடமாக நெட்டில் இணைக்காத பெட்டி என்றால் இந்த அப்டேட்டைப் போட்டுவிடுங்கள். செல்லையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

கன்ட்ரோலர் பேட்டரி 1000 எம்.ஏ.எச். லித்தியம் அயான். காலியாக்கிப் பல மாதம் போட்டு வைத்தால் செத்துவிடும்; பாதி சார்ஜில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். மாற்றும்போது கவனம்: பழைய மாடலுக்கும் 2016-இல் வந்த இரண்டாவது மாடலுக்கும் பேட்டரி பிளக் அளவு வேறு. உப்பிய பேட்டரியைக் குத்தவோ குப்பையில் போடவோ கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பெட்டி நன்றாக இருந்தாலும், கேமை விற்ற கடையோ அதை ஓட்டும் சர்வரோ மூடப்படலாம். நின்டெண்டோவின் பழைய பெட்டிகளான வீ யு, 3டி.எஸ். இரண்டின் ஆன்லைன் கடைகளும் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. இணையம் வழியாகவே கேம் ஆடவைத்த கூகுள் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்து 2023 ஜனவரியில் நின்றது. பணம் திருப்பிக் கொடுத்தார்கள். 'தி க்ரூ' கார் பந்தய ஆட்டத்தின் சர்வர் 2024 மார்ச்சோடு நிறுத்தப்பட்டதும், டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. வாங்கும்போது அட்டையில் இணைய இணைப்பு கட்டாயம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதன் ஆயுள் சர்வர் ஓடும்வரைதான். இணையம் தேவைப்படாத தனியாள் ஆட்டம் டிஸ்கில் இருந்தால், அதை ஆயுசுக்கும் ஆடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் விற்பது என்று முடிவெடுத்தால், முதலில் கணக்கு அமைப்பில் 'பிரைமரி பி.எஸ். 4' (உங்கள் கணக்கின் முதன்மைப் பெட்டி) என்பதை டீஆக்டிவேட் செய்யுங்கள். பிறகு பெட்டியை முழுதாக அழிக்கும் 'இனிஷியலைசேஷன்' பகுதியில் 'ஃபுல்' தேர்ந்தெடுங்கள். 'குயிக்' கொடுத்தால் பழைய தரவு டிஸ்கிலேயே கிடக்கும். 'ஃபுல்' முடியப் பல மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. இன்வெர்ட்டர் உள்ள பிளக்கில் செருகி ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.