பென்சில் கோடாக இருக்கும்போதே காட்டுங்கள்

கையால் வரையும் அனிமேஷனைக் கற்க இணையவழிப் போட்டி ஒன்றில் சேரலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வழிகாட்டி உங்கள் வேலையை எந்தக் கட்டத்தில் பார்ப்பார்? எல்லாம் முடிந்த பிறகுதான் என்றால் உங்களுக்குக் கிடைக்கப்போவது மதிப்பெண். கரடுமுரடான பென்சில் கோடாக இருக்கும்போதே பார்ப்பார் என்றால் தாராளமாகச் சேருங்கள். இரண்டு வகைப் போட்டிகளையும் ஒரே சொற்களில்தான் விளம்பரம் செய்கிறார்கள் என்பதால் விதிமுறைப் பக்கத்தை முழுவதும் படிக்க வேண்டியிருக்கிறது.

நான் இத்துறையில் வரைந்து பிழைப்பவன். இத்தகைய போட்டிகளில் வழிகாட்டியாகவும் இருக்கிறேன். முதல் சுற்றில் வந்து சேரும் படைப்புகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். கண்மணியில் பளபளப்பு, கூந்தலில் இழை இழையாக ஒளி, பின்னணியில் மலையும் மேகமும். பாத்திரம் நடக்கத் தொடங்கியதும் பாதம் தரையில் வழுக்கும். நன்றாக ஓவியம் வரையத் தெரிந்தவர்களிடம்தான் இது அதிகம். அவர்களுக்கு ஒரு படத்தை முடிக்காமல் அடுத்ததற்குப் போக மனம் வருவதில்லை.

கணக்கைப் பாருங்கள். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அசையாக் காட்சிகள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படங்கள் போதும். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம். பத்து நொடிக் காட்சிக்கு ஒரு பாத்திரத்துக்கே 120 படங்கள். வேகமான அசைவில் பிரேமுக்கு ஒரு படம் வேண்டுமென்றால் அந்தப் பகுதியில் எண்ணிக்கை இரட்டிப்பாகும். இத்தனையையும் சுத்தமான கோட்டில் வரைந்து நிறமும் தீட்டிய ஒருவரிடம் “இடுப்பின் எடை தவறான காலில் இருக்கிறது” என்று சொல்வது, கட்டி முடித்த வீட்டில் தூணை நகர்த்தச் சொல்வது போலத்தான். சொல்பவருக்கும் மனம் வராது, கேட்பவருக்கும் தெம்பு இருக்காது. “அருமை, நிறத்தேர்வு நன்றாக இருக்கிறது” என்று எழுதிவிட்டு வழிகாட்டி நகர்ந்துவிடுவார். அந்தப் பாராட்டில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

அதே காட்சியை ஐந்தாறு கீ போஸ்களாக, அதாவது அசைவின் முக்கிய நிலைகளாக மட்டும் அனுப்பினால் திருத்துவது அரை மணி நேர வேலை. இந்த முறைக்கு நூறாண்டுக்கு மேல் வயது. அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1914இல் வெளியிட்ட ‘கெர்ட்டி’ என்ற டைனோசர் படத்தில் முக்கிய நிலைகளை முதலில் வரைந்து, பிறகு அவற்றுக்கு நடுவே வரும் நிலையையும், அதற்கும் நடுவே வருவதையும் நிரப்பிக்கொண்டு போனார். ஒவ்வொரு தாளிலும் பின்னணிப் பாறையையும் மரத்தையும் மறுபடி மறுபடி வரைவதற்கு ஓர் உதவியாளர் இருந்தார். பாத்திரத்தைத் தனியாக ஒளி ஊடுருவும் தாளில் வரையும் முறைக்கு ஏர்ல் ஹர்ட் காப்புரிமை கோரியதும் அதே ஆண்டில்தான். இன்று அந்தத் தொல்லை மென்பொருளின் ஓர் அடுக்கோடு (லேயர்) தீர்ந்துவிடுகிறது. நெருப்பு, புகை, தண்ணீர் போன்றவற்றை மட்டும் முதல் படத்திலிருந்து வரிசையாக வரைந்துகொண்டே போவது நல்லது. அவற்றை முன்கூட்டித் திட்டமிட்டால் உயிர் போய்விடும்.

போட்டியின் முதல் பணி குதிக்கும் பந்தாக இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். டிராகனோடு வருபவர்களைப் பார்த்து நான் சலித்துவிட்டேன். பந்தில் முகம் இல்லை, ஆடை இல்லை. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. உச்சியில் நின்று கீழே விழும் பந்தை எடுத்துக்கொள்வோம். சம நேர இடைவெளிகளில் முதல் தூரம் 1 என்றால் அடுத்தடுத்த தூரங்கள் 3, 5, 7 என்று கூடும். ஆகவே மேலே படங்கள் நெருங்கியும் கீழே வரவர விலகியும் இருக்க வேண்டும். புதியவர்கள் அவற்றைச் சமமாகப் பரப்பிவிடுகிறார்கள். சமமாகப் பரப்பினால் என்ன ஆகும்? பந்து பலூனாகிவிடும். பலூன் காற்றின் தடையால் சீக்கிரமே நிலையான வேகத்துக்கு வந்துவிடுவதால் அதன் படங்கள் உண்மையிலேயே ஏறக்குறையச் சமமான இடைவெளியில்தான் வரும். வட்டம் அதே வட்டம்தான். இடைவெளியை மாற்றினால் பொருளே மாறிவிடுகிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒருவர் வரையும் விதமே வேறாகிவிடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

தரையில் மோதும்போது பந்து நசுங்குகிறதல்லவா, அங்கே உயரம் குறைந்த அளவுக்கு அகலம் கூட வேண்டும். இல்லாவிட்டால் பந்து சுருங்கியதாகத்தான் தெரியும். ரப்பர் பந்து நசுங்கும், இரும்புக் குண்டு நசுங்கவே நசுங்காது. டிஸ்னி அனிமேட்டர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் தங்கள் நூலில் தொகுத்துத் தந்த அனிமேஷனின் 12 கோட்பாடுகளில் முதலாவதாக வருவது இந்த நசுங்கலும் நீட்சியும்தான். அந்தப் பன்னிரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டு, மூன்று நொடிக் காட்சியில் பன்னிரண்டையும் காட்டிவிட வேண்டும் என்று முயல்பவர்களும் இருக்கிறார்கள். பாவம் அந்தப் பாத்திரம், கையைத் தூக்குவதற்குள் நாலு முறை வளைந்து நெளிந்துவிடும்.

பந்துக்குப் பின் பெரும்பாலும் நடை. சாதாரண நடையில் ஓர் அடிக்கு ஏறத்தாழ 12 பிரேம்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். குதிகால் தரையைத் தொடும் நிலை, உடல் தாழும் நிலை, ஒரு கால் மற்றதைக் கடக்கும் நிலை, உடல் எழும் நிலை ஆகிய நான்கையும் வரைந்தவுடன் அனுப்பிவிடுங்கள். கால் கடக்கும் அந்த ஒரு படத்தில் இடுப்பையோ தோளையோ சற்றே மாற்றினால் களைத்தவரின் நடை கர்வியின் நடையாகிவிடும். வழிகாட்டியிடம் அதிகம் பேச வேண்டிய படம் அது.

எப்படிக் கேட்பது என்பதும் ஒரு திறமை. “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்ற பதில்தான் வரும். “9ஆவது படத்தில் எடை இடது காலுக்கு மாறியது தெரிகிறதா?” என்று கேட்டால் வழிகாட்டி பென்சிலை எடுப்பார். அதற்கு வசதியாகக் காணொளியின் மூலையில் பிரேம் எண் தெரியும்படி செய்யுங்கள். காகிதத்தில் வரைபவர்கள் துளையிட்ட தாள்களை இடம் மாறாமல் பிடித்துவைக்கும் முளைப் பட்டையான பெக் பாரில் மாட்டி, கைப்பேசியை ஸ்டாண்டில் அசையாமல் பொருத்தி, தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யும் அமைப்பை நிறுத்திவிட்டுப் படமெடுக்க வேண்டும். இல்லையென்றால் படம் மினுக்கும், அசைவு தெரியாது. மென்பொருள் வேண்டுமென்றால் கிரிட்டா, பென்சில்2டி, ஓபன்டூன்ஸ் மூன்றும் இலவசம், தொடக்கத்துக்குத் தாராளம். கருவியைப் பற்றிய விவாதத்தில் நாளைக் கழிப்பவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

திருத்தம் வரும் வடிவத்தையும் கவனியுங்கள். எழுத்தில் மட்டும் வரும் திருத்தத்தைவிட உங்கள் படத்தின் மேலேயே வேறு நிறத்தில் வரைந்து காட்டும் திருத்தம் பல மடங்கு மேல். ஆனால் அந்தக் கோட்டை அப்படியே நகலெடுத்து அடுத்த சுற்றுக்கு அனுப்பினால் அது வழிகாட்டியின் படமாகிவிடும். முதுகெலும்பின் வளைவை அவர் ஏன் திருப்பினார் என்று புரிந்துகொண்டு, அவருடைய அடுக்கை மறைத்துவிட்டு, புதிதாக வரையுங்கள். கருத்து உடன்படவில்லை என்றால் இரண்டு விதமாகவும் செய்து அனுப்பலாம். எந்த நல்ல வழிகாட்டியும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சேரும் முன் பார்க்க வேண்டிய விதிகள் சில உண்டு. படைப்பின் உரிமை யாருக்கு? தங்கள் போட்டியை விளம்பரப்படுத்தப் பயன்படுத்திக்கொள்வோம் என்பது நியாயம். அனுப்பிய எல்லாவற்றின் முழு உரிமையும் எங்களுக்கே என்று இருந்தால் விலகிவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் பொருளுக்காகப் பாத்திரம் வடிவமைத்து அசைவூட்டச் சொல்லி, வென்றவருக்கு மட்டும் பரிசு தருவதாகச் சொன்னால், மற்ற எல்லோரிடமும் கூலியில்லாமல் வேலை வாங்குகிறார்கள் என்று பொருள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை முறை திருத்தம் என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே கேளுங்கள். மழுப்பினால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த காணொளியின் மேல் பிரேம் பிரேமாகக் கோடு இழுக்கும் ரோட்டோஸ்கோப் முறை அனுமதிக்கப்படுகிறதா என்பதும் விதியில் இருக்க வேண்டும். மாக்ஸ் ஃபிளைஷர் 1917இல் காப்புரிமை பெற்ற பழைய, மதிப்பான முறைதான் அது. ஆனால் கற்கும் காலத்தில் அது கண்ணைச் சோம்பேறியாக்கும் என்பது என் கருத்து. நீங்களே நடித்துக் காணொளி எடுத்து, இருமுறை பார்த்து, மூடிவைத்துவிட்டு வரைவது வேறு. அதைத் தடுக்கும் போட்டி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. கீ போஸ்களுக்கு நடுவே வரும் இடைப்படங்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் நிரப்பலாமா என்று விதி சொல்லாவிட்டால் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இடைப்படம் வரைவதுதான் கற்க வேண்டிய பாடம் என்னும்போது அதை வேறு எதனிடமோ கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசி நாளின் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். உங்கள் நேரத்துக்கு மாற்றிக் குறித்துவையுங்கள். அந்த இரவில் விடிய விடிய வரைந்து மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. வலி தொடங்கினால் கட்டைவிரலால் பென்சிலை அழுத்திப் பிடிப்பதை விடுங்கள், தோளிலிருந்து வரையப் பழகுங்கள். அது தீராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

முடிவு எப்படி வந்தாலும், திருத்தத்துக்கு முந்தைய பென்சில் டெஸ்டையும், அதாவது கரட்டுக் கோடுகளை ஓடவிட்டு அசைவைப் பார்க்கும் காணொளியையும், பிந்தையதையும் அழிக்காமல் வைத்திருங்கள். இடைப்படம் வரையும் வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க நான் உட்காரும்போது நிறம் தீட்டிய இறுதிக் காணொளியைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். அந்த இரண்டு கரட்டு வடிவங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், சொன்னதைக் கேட்டுத் திருத்தத் தெரிந்தவரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.