மலைப்பாதை ஏன் நேராக ஏறுவதில்லை?

காட்டு மலையில் ஓடப் போகிறவர்கள் வரைபடத்தை விரித்ததும் முதலில் தேடுவது தூரத்தை. 12 கிலோமீட்டரா, 20 கிலோமீட்டரா? சமதளத்தில் அந்த ஒரு எண் போதும். மலையில் அது அரைகுறைத் தகவல். ஒரு பாதையில் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற அதே 12 கிலோமீட்டர், பக்கத்து மலையில் அரை நாளை விழுங்கிவிடும்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-லேயே இதற்கு ஓர் எளிய விதியை எழுதிவைத்தார். நடக்கும் ஒவ்வொரு 3 மைலுக்கும் ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் தூரத்துக்கு இரண்டரை மணி, ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி. இன்றைய டிரெயில் ரன்னிங் (காட்டு, மலைப்பாதை ஓட்டம்) போட்டிகளை அளக்கிற சர்வதேசச் சங்கமும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகிறது. 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராக எடுத்துக்கொண்டு தூரத்தோடு கூட்டிவிடுவார்கள். 25 கிலோமீட்டர், 1,500 மீட்டர் ஏற்றம் என்றால் 40 கிலோமீட்டர் உழைப்பு. இரண்டு கணக்கிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: இறக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. இறக்கத்தைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பாதை. மலையூர்களை இணைக்கும் பழைய பாதைகளை யாரும் ஓடுவதற்காகப் போடவில்லை. தலையில் சுமையோடு நடந்தவர்களும், கோவேறு கழுதைகளை ஓட்டிப் போனவர்களும் தலைமுறை தலைமுறையாக மிதித்து உண்டாக்கிய தடங்கள் அவை. செங்குத்தான சரிவில் அவை நேராக ஏறாது. இடப்பக்கம் கொஞ்ச தூரம், ஒரு வளைவு, வலப்பக்கம் கொஞ்ச தூரம், மறுபடி வளைவு என்று போகும். சுற்றிப் போனால் சுலபம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு சுற்ற வேண்டும்? ரொம்பச் சுற்றினாலும் நஷ்டம்தானே?

இதற்கு இத்தாலிய உடலியங்கியல் ஆய்வாளர் ஆல்பர்ட்டோ மினெட்டி 1995-ல் வெளியிட்ட கட்டுரையில் விடை இருக்கிறது. நடப்பதற்கு உடல் செலவிடும் ஆற்றலை 'கடந்த தூரத்துக்கு எவ்வளவு' என்று பார்க்காமல், 'ஏறிய உயரத்துக்கு எவ்வளவு' என்று அவர் கணக்கிட்டார். ஒரு மீட்டர் உயரம் ஏற மிகக் குறைந்த செலவு ஆவது சுமார் 25 சதவீதச் சாய்வில். அதாவது கிடைமட்டமாக 100 மீட்டர் நகரும்போது 25 மீட்டர் உயர்வது. உண்மையான மலைப்பாதைகள் சிலவற்றின் சாய்வை அளந்து பார்த்தபோது, அவையும் இந்த எண்ணை ஒட்டியே இருந்தன. இயற்பியல் தெரியாத மனிதர்களும் கழுதைகளும் கண்டுபிடித்த சாய்வு அது!

ஏன் 25? சமதளத்தில் நடக்கும்போது நம் உடலின் எடைமையம் ஒவ்வோர் அடிக்கும் சற்று உயர்ந்து, சற்று இறங்கும். தலைகீழாக நிறுத்திய ஊசல் போல, உயரும்போது சேமித்த ஆற்றலை இறங்கும்போது முன்னே நகரும் வேகமாக மாற்றித் தரும். சமதளத்துக்கு இது அருமையான ஏற்பாடு. லேசான ஏற்றத்தில் இதுவே இடைஞ்சலாகிவிடுகிறது. உடலை மேலே தூக்குகிறோம், அதில் ஒரு பங்கைக் கீழே விடுகிறோம், மறுபடி தூக்குகிறோம். சாய்வு 15 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் இந்த வீண் உழைப்பு தீர்கிறது. அதற்கு மேல் தூக்கிய உயரம் எல்லாம் நமக்கே சொந்தம். இன்னும் செங்குத்தாகிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பிறகு தசைகளின் திறன் மெல்லக் குறையத் தொடங்குகிறது.

அந்த உகந்த சாய்விலும் மலை இலவசமாக எதையும் தராது. ஒரு கிலோ உடல் எடையை ஒரு மீட்டர் உயர்த்த சுமார் 2 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் 100 மீட்டர் ஏறினால் 12 லிட்டர் ஆக்சிஜன், ஏறக்குறைய 60 கலோரி. இதில் உண்மையாக உடலை உயர்த்தப் பயன்படுவது நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மீதி வெப்பமாகிவிடுகிறது. ஏற்றத்தில் வேகமே இல்லாமல் போனாலும் வியர்த்துக் கொட்டுவது இதனால்தான்.

சரி, ஓடுகிறவருக்கும் இதே 25 சதவீதம்தானா? இங்கேதான் நடப்பவரும் பந்தய வீரரும் பிரிகிறார்கள். 1,000 மீட்டர் உயரத்தை 5 கிலோமீட்டருக்கு மிகாத பாதையில் ஏறும் 'வெர்டிகல் கிலோமீட்டர்' என்ற போட்டி வகை ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் ஃபுல்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட இழுவை ரயில் தடத்தில் நடக்கும் போட்டியின் நீளம் வெறும் 1.92 கிலோமீட்டர். சராசரிச் சாய்வு 31 டிகிரி, அதாவது சுமார் 60 சதவீதம்! 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற மலை ஓட்டக்காரர்களைச் சாய்த்து நிறுத்திய ட்ரெட்மில்லில் ஏறவிட்டார்கள். உயரும் வேகம் எல்லாச் சாய்விலும் ஒன்றே, நொடிக்கு 0.35 மீட்டர். அந்த வேகத்தில் உயர வேண்டுமென்றால் மிதமான சாய்வைவிட 20 முதல் 35 டிகிரி வரையிலான செங்குத்துச் சாய்வுகளே சிக்கனமாக இருந்தன. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. சாய்வு சுமார் 16 டிகிரியை, அதாவது 28 சதவீதத்தைத் தாண்டினால், அதே வேகத்தில் ஓடுவதைவிட நடப்பது மலிவு. மலைப்போட்டிகளில் முன்னணியில் இருப்பவர்களே தொடையில் கைவைத்து அழுத்தியபடி நடந்து ஏறுவதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவர்கள் சோர்ந்துபோய் நடக்கவில்லை, கணக்காக நடக்கிறார்கள்.

நேராக ஏறினால் வேகம் என்பதால் வளைவுகளைத் துண்டித்துக் குறுக்கே ஏறுகிறவர்களும் உண்டு. பாதைக்கு அது நல்லதல்ல. மழைநீர் எப்போதும் சரிவின் நேர்த்திசையில்தான் ஓடும். பாதையும் அதே திசையில் இருந்தால் தண்ணீர் அதை வாய்க்காலாக்கி, மண்ணை அரித்து, வேர்களையும் கற்களையும் வெளியே இழுத்துப் போட்டுவிடும். அதனால் பாதை அமைப்பவர்கள் 'பாதி விதி' என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள்: பாதையின் சாய்வு, அது கடக்கும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போகாமல் இருந்தால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து மறுபக்கம் இறங்கிவிடும், பாதையோடு கூடவே வராது. வளைந்து போகும் பழைய தடங்கள் நூற்றாண்டுகளாகத் தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மென்மையான மண்ணில் இந்த விதி மீறப்பட்ட இடங்களில், சக்கரங்களும் குளம்புகளும் தண்ணீரும் சேர்ந்து பாதையை ஆள் உயரத்துக்கும் மேலே குடைந்து, இரண்டு பக்கமும் மண்சுவர் கொண்ட பள்ளச்சாலையாக மாற்றியிருக்கின்றன. காடுகளுக்குள் ஓடும்போது இப்படி ஒன்றில் இறங்கினால், பழைய போக்குவரத்துத் தடம் என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஊர்கள் இருக்கும் இடமும் ஓட்டத்தின் கடினத்தைத் தீர்மானிக்கிறது. பல பழைய மலையூர்கள் பள்ளத்தாக்கின் அடியிலும் இல்லாமல் முகட்டிலும் இல்லாமல் நடுச்சரிவில் உட்கார்ந்திருக்கும். தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து, பள்ளத்தில் தேங்கும். உறைபனி அங்கேதான் முதலில் விழும். நடுச்சரிவில் அந்த நேரத்தில் சில டிகிரி வெப்பம் அதிகம். வெள்ளமும் அங்கே எட்டாது. விடிகாலையில் பள்ளத்தாக்கிலிருந்து ஓடி ஏறினால் இந்த வெப்ப வேறுபாட்டைத் தோலிலேயே உணரலாம். ஓடுகிறவருக்கு இதனால் வரும் வினை என்னவென்றால், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக இடையில் உள்ள ஓடை வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். ஐந்தாறு ஊர்களைத் தொட்டுப் போகும் பாதையில் மிக உயர்ந்த இடம் 700 மீட்டர்தான் இருக்கும், மொத்த ஏற்றமோ 1,200 மீட்டரைத் தாண்டிவிடும். சிகரத்தின் உயரத்தைப் பார்த்து ஏமாறுவது இப்படிப்பட்ட பாதைகளில்தான். (கைக்கடிகாரம் காட்டும் மொத்த ஏற்றத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் உயரம் தள்ளாடும், அந்தத் தள்ளாட்டமும் ஏற்றமாகச் சேர்ந்துவிடும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கும் கடிகாரம் இதில் எவ்வளவோ மேல்.)

காடு ஒரு விதத்தில் உதவுகிறது. உலகின் பல காடுகளில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மரங்களுக்கு அடியில் பகலின் உச்ச வெப்பம் திறந்தவெளியைவிடச் சராசரியாக 4 டிகிரி குறைவு. ஆனால் நிழலும் உதிர்ந்த இலைகளும் தரையை மறைத்துவிடுகின்றன. கரடுமுரடான தரையில் நடப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்த ஆய்வாளர்கள், கண் பெரும்பாலும் இன்னும் ஒன்றரை நொடியில் கால் எட்டப்போகும் இடத்தின் மேல் இருப்பதைக் கண்டார்கள். இலைக்கு அடியில் கல்லா பள்ளமா என்று தெரியாவிட்டால், வேகத்தைக் குறைப்பதைத் தவிர மூளைக்கு வேறு வழி இல்லை. அதே போல, ஊர் நெருங்கும்போது வரும் பழைய கல்பாவிய பாதை பார்க்க அழகு, மழையில் ஆபத்து. சேற்றில் பிடித்து நிற்கும் கட்டைப்பற்கள் கொண்ட காலணி, ஈரமான வழுவழுப்புக் கல்லில் பிடிக்காது. தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு அதில் குறைவு.

இப்போது இறக்கம். மினெட்டி குழு 2002-ல் ஓட்டத்தின் செலவையும் அளந்தது. சமதளத்தில் ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் நகர்த்த 3.4 ஜூல். 45 சதவீத ஏற்றத்தில் அது கிட்டத்தட்ட 19 ஜூல். 20 சதவீத இறக்கத்தில் 1.7 ஜூல், சமதளத்தில் பாதி. அதைவிடச் செங்குத்தாக இறங்கினால் பிரேக் போடும் வேலை கூடி, செலவு மறுபடி ஏறுகிறது. மூச்சுக்கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இறக்கத்தில் மனிதன் பறக்கலாம். உண்மையில் மலை ஓட்டக்காரர்கள் அந்தக் கணக்கு அனுமதிக்கும் வேகத்தைவிட மெதுவாகத்தான் இறங்குகிறார்கள். நுரையீரலுக்கு இன்னும் இடம் இருக்கிறது. மூட்டுகளுக்கும் தசைநாண்களுக்கும் இல்லை.

தொடையின் முன்தசை இறக்கத்தில் செய்யும் வேலை விசித்திரமானது. ஏற்றத்தில் அது சுருங்கிக்கொண்டே விசை தருகிறது. இறக்கத்தில் கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் முழங்கால் மடங்குவதால், இழுபட்டு நீண்டுகொண்டே விசை தர வேண்டியிருக்கிறது. இப்படி வேலை செய்யும்போது தசைக்கு ஆற்றல் கொஞ்சம்தான் தேவை, ஆனால் இழைகளின் மேல் விழும் இழுவிசை மிக அதிகம். நுண்ணிய அலகுகள் சில அளவுக்கு மீறி நீண்டு கிழிகின்றன. அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்கு வரும், படிக்கட்டில் இறங்குவதே பாடாகிவிடும். லாக்டிக் அமிலம் தேங்குவதுதான் காரணம் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடும்.

நல்ல செய்தியும் இதே தசையில்தான் இருக்கிறது. ஒரு முறை இப்படிச் சேதமாகி ஆறிய தசை, அடுத்த முறை அதே இறக்கத்தில் மிகக் குறைவாகவே சேதமாகிறது. இந்தப் பாதுகாப்பு பல வாரங்களுக்கு நிற்கும். சமதளத்தில் வாரம் 60 கிலோமீட்டர் ஓடினாலும் இது கிடைக்காது, இறங்கினால்தான் கிடைக்கும். பெரிய மலை ஓட்டம் ஒன்றுக்குத் தயாராகிறவர்கள் ஏற்றப் பயிற்சியை மட்டும் கணக்கில் எழுதிவைக்காமல், இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே ஒரு நீண்ட இறக்கத்தை ஓடி, அந்த வலியை முன்கூட்டியே அனுபவித்துவிடுவது நல்லது. புதிதாகத் தொடங்குகிறவர் முதல் தடவை செங்குத்தான பக்கமாக ஏறி, வளைவுகள் அதிகமுள்ள பழைய பாதை வழியாக இறங்கும்படி சுற்றை அமைத்துக்கொள்ளலாம். அதே சுற்றைத் திருப்பிப் போட்டால் தூரமும் ஏற்றமும் மாறாது, தொடைகளின் நிலைமை மட்டும் மாறிவிடும்.